பழைய டிவி நாட்களைத் தேடி எடுப்பது எப்படி

முதலில் யூடியூபைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டோடு அம்மாவிடமோ அத்தையிடமோ போய் உட்காருங்கள். நிகழ்ச்சியின் பெயர் மறந்திருக்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ஒளியும் ஒலியும் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி பார்க்க யார் வீட்டுத் திண்ணை வரை கூட்டம் நின்றது, யார் ஓட்டின் மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார்கள், கீழிருந்து "இப்ப தெரியுது, அப்படியே விடு" என்று கத்தியது யார் என்பதெல்லாம் வந்துவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து ஆட்கள் என்றால் ரூபவாஹினியைப் பற்றி அவசியம் கேளுங்கள். 1982-இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சி அது, கடல் தாண்டி நம் கரையோர வீடுகளிலும் தெரிந்தது.

அப்புறம் தேடுங்கள். பிரசார் பாரதி ஆர்கைவ்ஸ் யூடியூப் சேனலில் பழைய தூர்தர்ஷன் பதிவுகள் இருக்கின்றன. பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் டிவியிலிருந்து பதிவு செய்த வீடியோ கேசட் கிடந்தால் அதுதான் புதையல், கவனமும் அங்கேதான் வேண்டும். நம் டெல்டா ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள், அது பிளேயருக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். கணினிக்கு மாற்றித் தருபவரிடம் இதைச் சொல்லியே கொடுங்கள். நல்ல கேசட்டுகளை நிமிர்த்தி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, காய்ந்த இடத்தில் வையுங்கள். நாங்கள் தள்ளிப்போட்டு இரண்டை இழந்தோம், இன்னும் மனசு ஆறவில்லை.

கிடைத்ததைத் தனியாகப் பார்க்காதீர்கள். கூடத்தில் பாயை விரித்து, அன்று கூடப் பார்த்தவர்களைக் கூப்பிடுங்கள்.