ஃபோனில் பிடித்த உடுக்கை ஒலியை சாம்ப்ளருக்குள் ஏற்றுவது எப்படி?

பதிவு செய்த ஒலிகளை ஏற்றி, பேட் என்ற பொத்தான்களைத் தட்டி வாசிக்கும் கருவிதான் சாம்ப்ளர். அதைப் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஓரிடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் கணீரென்று ஒலித்த ஃபைலை மெமரி கார்டில் போட்டுக் கருவியில் செருகினால், அது பட்டியலிலேயே வராது. வேவ் ஃபைல்தானே, அப்புறம் ஏன்?

வேவ் என்பது வெறும் சம்படம். மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் 1991-இல் கொண்டுவந்தது. வெளியே பெயர் ஒன்றுதான், உள்ளே அரிசியும் இருக்கலாம், பருப்பும் இருக்கலாம். சாம்ப்ளருக்கு மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எண்ணாக எழுதுகிறது; அந்த ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்), பிட் அளவு (ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுட்பமானது), மோனோவா ஸ்டீரியோவா (ஒரு தடமா, இடம் வலம் என இரண்டா) என்பது. ரோலண்டின் எஸ்பி-404எஸ்எக்ஸ் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். எலெக்ட்ரானின் முதல் டிஜிடாக்ட் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ மட்டும். கோர்க்கின் முதல் வோல்கா சாம்பிளுக்கு 31.25 கிலோஹெர்ட்ஸ், அதில் மொத்தமே 65 வினாடி ஒலிக்குத்தான் இடம். உங்களுடைய கருவிக்கு என்ன என்பதை மேனுவலில் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே 44.1, 16 பிட், மோனோ என்று வைத்துச் சொல்கிறேன். மாற்றுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபோன்கள் சுருக்கிச் சேமிக்கும் எம்4ஏ ஃபைலின் பெயரை மட்டும் வேவ் என்று மாற்றுவது ஃபார்மட் மாற்றம் ஆகாது.

படி 1: நல்ல மூலத்திலிருந்து தொடங்குங்கள்

ஃபோனின் ரெக்கார்டர் செயலியில் வேவ் அல்லது லாஸ்லெஸ் (தரம் இழக்காதது) என்ற அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எம்4ஏ-தான் கிடைக்கும் என்றாலும் பரவாயில்லை. ஆனால் சுருக்கும்போது போன தரம், பிறகு வேவாக மாற்றுவதால் திரும்பி வராது, ஃபைல்தான் பெருக்கும்.

எம்பி3-ஐ மட்டும் தவிர்த்துவிடுங்கள். தரத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். எம்பி3 ஆக்கும்போதும் பிரிக்கும்போதும் ஒலியின் தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். எம்பி3 ஆக்கப் பரவலாகப் புழங்கும் லேம் என்ற மென்பொருளில் இரண்டும் சேர்ந்து 1,105 சாம்பிள், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லிவினாடி. பாட்டு கேட்கும்போது இது யாருக்கும் தெரியாது. பேடில் விரலை வைத்து அடிக்கும்போது அடி பிந்தி விழும். லூப்பாக (திரும்பத் திரும்ப) ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் நொண்டும்.

படி 2: ஆடாசிட்டியில் திறந்து வெட்டுங்கள்

ஃபைலை இழுத்து ஆடாசிட்டி ஜன்னலில் விட்டால் போதும். எம்4ஏ திறக்க மறுத்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

பத்துப் பன்னிரண்டு அடிகளை ஒரே ரெக்கார்டிங்காக எடுத்துவிடுவது என் வழக்கம். ஒவ்வோர் அடியையும் தேர்ந்தெடுத்து இசட் விசையைத் தட்டினால், தேர்வின் இரு முனைகளும் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்துக்கு நகர்ந்து உட்காரும். இதைச் செய்யாமல் வெட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கூடவே வரும். பிறகு கன்ட்ரோல்-பி அழுத்தி லேபிள் போடுங்கள். அடி தொடங்கும் இடத்தில் நெருக்கமாக வெட்டுங்கள்; வால் பகுதியில் தாராளமாக விடுங்கள். உடுக்கையின் அழகே அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

படி 3: மோனோ

‘ட்ராக்ஸ்’ மெனுவில் ‘மிக்ஸ்’, அதற்குள் ‘மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ’. ஒரு வினாடி மோனோ 88,200 பைட், ஸ்டீரியோ 1,76,400 பைட். ஒற்றை அடிக்கு ஸ்டீரியோ வீண்.

படி 4: சாம்பிள் ரேட், நான் ஏமாந்த இடம்

என் ஃபோன் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்கிறது. முதல் தடவை, ட்ராக்கின் இடப்பக்கம் உள்ள சிறு மெனுவில் ‘ரேட்’ என்று பார்த்ததும் 44,100-ஐத் தேர்ந்தெடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். சாம்ப்ளரில் தட்டினால் உடுக்கை மந்தமாக, கனத்த குரலில் முனகியது. உடுக்கைக்கு இடையிலுள்ள கயிற்றை அழுத்துவதில்தானே ஸ்ருதி ஏறும்! நாம்தான் சரியாக அழுத்தவில்லை போல என்று மறுபடி மறுபடி பதிவு செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

நடந்தது இதுதான். அந்த மெனு ஒலியை மாற்றுவதில்லை. இருக்கிற சாம்பிள்களையே ‘வினாடிக்கு 48,000 வேண்டாம், 44,100 வீதம் வாசி’ என்று சொல்கிறது. அதனால் வேகம் 8 சதவீதம் குறைந்து, ஸ்ருதி முக்கால் கட்டை அளவுக்கு இறங்கிவிடும். கருவியோ செயலியோ ரேட்டைத் தவறாகப் படித்தாலும் இதே கதைதான். ஏற்றிய ஒலி ஸ்ருதி இறங்கிக் கேட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரியான வழி: ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து, ‘ட்ராக்ஸ்’ மெனுவில் ‘ரீசாம்பிள்’, 44,100. இது ஒலியைக் கணக்குப் போட்டுப் புதிய சாம்பிள்களாக எழுதுகிறது, ஸ்ருதி அசையாது. ஏற்கெனவே லூப் புள்ளிகள் குறித்த ஃபைலாக இருந்தால் அவை இடம் மாறியிருக்கலாம். சாம்பிள் எண்ணிக்கையே மாறுகிறது அல்லவா? மாற்றி முடித்தபின் லூப்பை ஒருமுறை சரிபாருங்கள்.

படி 5: ஒலி அளவு

‘நார்மலைஸ்’ எஃபெக்டில் உச்சத்தை மைனஸ் 1 டெசிபெல் என்று வையுங்கள். இதை ரீசாம்பிளுக்குப் பிறகு செய்யுங்கள், ஏனென்றால் ரீசாம்பிள் செய்யும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறக்கூடும். அடிகளைத் தனித்தனியாக நார்மலைஸ் செய்யாதீர்கள். முழு ட்ராக்கையும் சேர்த்துச் செய்தால்தான் மெல்லிய அடி மெல்லியதாகவே நிற்கும். எல்லா அடியும் ஒரே சத்தத்தில் இருந்தால் வாசிப்பது மனிதக் கை மாதிரி இருக்காது.

படி 6: எக்ஸ்போர்ட்

‘எக்ஸ்போர்ட் ஆடியோ’வில் ஃபார்மட்டுக்கு மைக்ரோசாஃப்ட் வேவ், என்கோடிங்குக்கு ‘சைன்ட் 16-பிட் பிசிஎம்’, மோனோ, 44,100. ஆடாசிட்டி உள்ளுக்குள் 32-பிட் ஃப்ளோட் என்ற வேறு எண் வடிவத்தில் வேலை செய்வதால் என்கோடிங்கில் கவனமாக இருங்கள். அங்கே ஃப்ளோட் என்று இருந்தால் பழைய கருவி ஃபைலை ஏறெடுத்தும் பார்க்காது. லேபிள் போட்டிருக்கிறீர்கள் என்றால் ‘மல்டிபிள் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் அடியும் தனி ஃபைலாக விழும். பாடகர் பெயர், ஆல்பம் போன்ற விவரங்களைக் காலியாக விடுவது நல்லது. சில பழைய கருவிகளுக்கு அந்தக் கூடுதல் தகவல் ஒத்துக்கொள்வதில்லை.

16 பிட்டுக்கு இறக்கும்போது ஆடாசிட்டி டிதர் என்ற மிக மெல்லிய இரைச்சலைச் சேர்க்கும். அதை அப்படியே விடுங்கள். அடிக்கு அது கேட்கவே கேட்காது. தம்பூரா மாதிரி மெல்ல அடங்கும் ஒலியின் கடைசி நூலிழை கரகரக்காமல் இருக்க அதுதான் காரணம்.

படி 7: பெயரும் கார்டும்

ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும், இடைவெளி இல்லாமல் சுருக்கமாக வையுங்கள். தமிழில் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். பழைய கருவிகளின் திரைக்குத் தமிழ் தெரியாது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் வரும். பழைய சாம்ப்ளர்கள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டைத்தான் படிக்கும். 32 ஜிபி அல்லது அதற்குள் ஒரு கார்டு வாங்கி, கருவிக்குள்ளேயே ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். கார்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அழிந்துவிடும், முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

மேக்கில் காப்பி செய்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் புள்ளியும் அடிக்கோடும் முன்னே ஒட்டிய ஒரு நிழல் ஃபைல் சத்தமில்லாமல் கூடவே போய் உட்காரும். பட்டியலில் ஒரே பெயர் இரண்டிரண்டாகத் தெரிந்து, ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால் அது இதுதான். அந்த ஊமையை மட்டும் அழியுங்கள்.