ஜெர்மனியோட வடகடல் பக்கம் சம்மர் லீவா? ரூம் போடுறதுக்கு முன்னாடி கடல் எப்போ இருக்கும்னு பாருங்க

கத்திரி வெயில், பெசன்ட் நகர் வீட்ல ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்து இத டைப் பண்றேன். ஜெர்மனில ஹனோவர்லேந்து ஒரு மாசம் லீவுல வந்துருக்கேன். என் சித்தி பையன் பிப்ரவரிலதான் அங்க வேலைக்கு போனான். நேத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புறான், "அண்ணா, ஜூலைல அம்மா அப்பா வராங்க, யூயிஸ்ட் தீவுக்கு கூட்டிட்டு போறேன், படகு மத்தியானம் ஒரு மணிக்காம், ஆபீஸ்ல போயிட்டு வந்தவரு சொன்னாரு"ன்னு. அந்த ஒரு மணியக் கேட்டதும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. மூணு வருஷம் முன்னாடி இதே ஒரு மணிதான் எனக்கு 260 யூரோ தண்டம் வெச்சுது. அவனுக்கு மட்டும் சொல்றதுக்கு பதிலா புதுசா வர எல்லாருக்கும் எழுதிடலாம்னுதான்.

பேப்பர் வேலையெல்லாம் உங்களுக்கே தெரியும், சட்டுனு முடிச்சுடறேன். ஊர்லேந்து வர அப்பா அம்மாவுக்கு ஷெங்கன் விசா, 180 நாள்ல 90 நாள் இருக்கலாம், 30,000 யூரோ கவர் பண்ற மெடிக்கல் இன்சூரன்ஸ் வேணும். உங்க ரெசிடென்ஸ் கார்டு கைல இருக்கட்டும். லோக்கல் ட்ரெயினுக்கு ஜெர்மனி முழுக்க செல்லுற மாசாந்திர டிக்கெட் இருக்கு, 2023ல 49 யூரோவுக்கு வந்தது 2025ல 58 ஆச்சு, 2026ல 63. ஃபாஸ்ட் ட்ரெயின்ல அத வெச்சுட்டு ஏறாதீங்க. ஹனோவர்லேந்து ப்ரேமன், ஓல்டன்பர்க் வழியா யூயிஸ்டுக்குப் படகு ஏறுற நார்ட்டைஷ் மோலே வரைக்கும் லோக்கல் ட்ரெயினே போகுது, எறங்குனா எதுர்லயே படகுத்துறை.

ஸ்கூல் லீவு தேதியப் பாத்துட்டு ரூம் தேடுங்க. நம்ம ஊர் மாதிரி எல்லாருக்கும் ஏப்ரல் மே இல்ல, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன்ல மட்டும் ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல ஜனம், அவங்களுக்கு லீவு விட்டா பாதி பேர் இந்தக் கரையிலதான். "போய் பாத்துக்கலாம்"னு பாண்டிச்சேரிக்கு கெளம்புற மாதிரி கெளம்புனீங்கன்னா பெஞ்சுலதான் படுக்கணும். அப்புறம் சமையல்கட்டோட வீடு எடுத்தா வாடகைக்கு மேல கிளீனிங் காசு தனி, பெட்ஷீட் டவல் சில எடத்துல தனி, தீவுல தங்குற ஒவ்வொரு ராத்திரிக்கும் ஆளுக்கு இவ்ளோன்னு ஒரு வரி தனி. அதயெல்லாம் கூட்டிப் பாத்துட்டு அப்புறம் "சீப்பா கெடச்சுது"ன்னு ஸ்டேட்டஸ் போடுங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். நம்ம மெரினாலயும் கடல் ஏறி எறங்குது, ஆனா அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவு, மீன் புடிக்கிறவங்களத் தவிர யாரும் கவனிக்கறதில்ல. எப்போ போனாலும் கடல் அங்கதான் இருக்கும், அலை அடிச்சுட்டே இருக்கும். வடகடல்ல அந்தக் கதையே வேற. ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் நடுவுல நார்ட்டைஷ் பக்கம் ரெண்டரை மீட்டர் போல வித்தியாசம், கரை வேற தட்டையா இருக்கா, தண்ணி எறங்குச்சுன்னா கிலோமீட்டர் கணக்குல வெறும் சேறு. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா வரும் போகும். யூயிஸ்டுக்குப் போற வழி ஆழம் கம்மி, பெரிய படகு தண்ணி ஏறியிருக்கும்போதுதான் போக முடியும். தண்ணி ஏறுற நேரம் தினம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகுது. ஏழு நாளைக்கு கணக்குப் போடுங்க, ஆறு மணி நேரம் கிட்ட வருது. அதாவது போன சனிக்கெழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஏறுன தண்ணி, இந்த சனிக்கெழமை சாயங்காலம் ஏழு மணி கிட்டத்தான் ஏறும், அதுக்கு முந்தின ஏத்தம் காலைல ஆறரை கிட்டயே முடிஞ்சிருக்கும்.

எனக்கு ஒரு மணின்னு சொன்ன நண்பர் பொய் சொல்லல, அவர் போனது முந்தின சனிக்கெழமை. நான் அம்மா அப்பா வொய்ஃப் எல்லாரையும் விடிகாலைல எழுப்பி, புளிசாதம் கட்டி, பதினொன்றரைக்கெல்லாம் ஜம்முனு போய் எறங்குனேன். கவுன்ட்டர்ல அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா "மோயின்"னு சொல்லிட்டு (அங்க காலைல சாயங்காலம் எல்லாத்துக்கும் வணக்கம் இதுதான்) ஒரு டைம்டேபிளத் திருப்பிக் காட்டுச்சு. ஒவ்வொரு தேதிக்கும் வேற வேற நேரம். எங்க தேதிக்கு காலைல ஒரே படகு, அது போயாச்சு. அடுத்தது மறுநாள்தான். சின்ன வேகப் படகு ஒண்ணு இருக்கு, அன்னிக்கு சீட் இல்ல. தீவுல கட்டுன மொத ராத்திரி காசு திரும்பி வரல, நார்ட்டைஷ்ல அவசரத்துக்கு எடுத்த ரெண்டு ரூமும் சேத்துதான் அந்த 260. அப்பா ஒரு வார்த்த பேசல, அதுதான் இன்னும் கடுப்பு.

பக்கத்துத் தீவு நார்டர்னாய், அங்க போற படகுக்கு இந்தத் தொல்ல கெடையாது, நாள் பூரா ஓடுது, ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடும். லாங்கியோகுக்கும் அப்படித்தான். யூயிஸ்ட், ஸ்பீக்கரோக், வாங்கரோக, பால்ட்ரும் இதெல்லாம் தண்ணியப் பாத்துதான். வயசானவங்களோட மொத தடவ போறீங்கன்னா நார்டர்னாய் போங்க. யூயிஸ்டுல காரே கெடையாது, குதிர வண்டிதான், அழகுதான், நான் இல்லன்னு சொல்லல. அங்கதான் போவேன்னா மொதல்ல படகு டைம்டேபிள்ல உங்க தேதிய எடுத்துப் பாருங்க, அப்புறம் ட்ரெயின், கடைசிலதான் ரூம். நான் தலகீழா பண்ணேன். ட்ரெயின் லேட்டாகும்னு ரெண்டு மணி நேரம் விட்டு வைங்க, காலைப் படகுன்னா முந்தின நாளே போய்ப் படுத்துடுங்க.

ஜூலைன்னு நம்பி பருத்திச் சட்டையோட போகாதீங்க, 18 டிகிரி, காத்து காத அறுக்கும், நம்ம ஊர் மங்கி கேப்ப அங்க போட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க. இண்டக்ஷன் அடுப்பா இருந்தா அலுமினிய குக்கர் வேலைக்கே ஆகாது, வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.

சேத்துல நடக்குறதுக்கு கைடு இல்லாம எறங்கவே எறங்காதீங்க. தண்ணி முன்னாடிலேந்து வரும்னு பாத்துட்டு இருப்பீங்க, அது பின்னாடி வாய்க்கால் வழியா வந்து கரைக்கும் உங்களுக்கும் நடுவுல நெறைஞ்சுடும்.

மாட்டிக்கிட்ட அந்த நாள் மத்தியானம் நார்ட்டைஷ் கரைக்குப் போனோம். கடலக் காணோம். அம்மா என் கையப் புடிச்சு இழுக்குறாங்க, "டேய் கடல் உள்வாங்கியிருக்குடா, வா போயிடலாம்"னு. 2004 டிசம்பர்ல பட்டினப்பாக்கத்துலேந்து ஓடி வந்தவங்க, அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. தெனம் ரெண்டு தடவ இப்படித்தாம்மா, தானா திரும்பி வரும்னு புரிய வைக்கவே அர மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் கரையோரமா குனிஞ்சு ஒண்ணப் பாத்தாங்க, சேத்துப் புழு மண்ணத் தின்னுட்டு வெளிய தள்ளுன சுருள், எடம் பூரா குட்டிக் குட்டியா. "யாருடா இங்க இடியாப்பம் புழிஞ்சது?"ன்னு கேட்டாங்க. அப்போதான் அப்பா அன்னிக்கு மொத தடவையா சிரிச்சாரு.