தினசரி எழுத்துக்கு மைப்பேனா: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ ஈரோட்டிலோ எழுதுபொருள் கடைக்குப் போய் மைப்பேனா கேட்டால், கடைக்காரர் நிப்பை மைப்புட்டியில் தோய்த்து, தம்மிடம் உள்ள வழவழப்பான தாள் ஒன்றையும் நீட்டுவார். வாங்குபவர் அதில் ஒரு கையெழுத்தைப் போட்டுப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று பணத்தைக் கொடுத்துவிடுவார். கையெழுத்து என்பது பழகிப் பழகி விரைவாக வரும் கோடு. அது எந்த நிப்பிலும் ஓடிவிடும். தோய்த்த நிப்போ அதிக மையைச் சுமந்திருப்பதால், உள்ளிருந்து மை இறங்கும்போது எழுதுவதைவிடச் செழிப்பாகவே எழுதும். ஆகவே அன்றாடம் எழுதும் நோட்டையே கடைக்கு எடுத்துச் சென்று, தோய்த்த மை தீரும்வரை சில வரிகள் எழுதித் தள்ளிவிட்டு, அதன்பின் வழக்கமான வேகத்தில் அரைப் பக்கமாவது எழுதிப் பார்ப்பதே சரியான சோதனை. இதற்கு முகம் சுளிக்கும் கடையில் விலை உயர்ந்த பேனாவை வாங்காமல் இருப்பது நல்லது.

நிப்பின் பருமனைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எஃப் (மெல்லியது), எம் (நடுத்தரம்), பி (தடித்தது) என்ற குறிகளுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற ஒரே அளவு கிடையாது. ஜப்பானிய நிறுவனங்களின் எஃப் நிப், ஐரோப்பிய நிறுவனங்களின் எஃப் நிப்பைவிடப் பொதுவாக மெல்லிய கோட்டையே இடும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து எம் நிப்பை வாங்கியவர், கோடு போட்ட நோட்டில் தமிழ் எழுதத் தொடங்கியதும் சிக்கலைக் காண்பார். நம் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. சிறிய கையெழுத்தில் தடித்த நிப் அச்சுழிகளை அடைத்துவிடுவதால், மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று படிப்பவர் தடுமாற நேரிடும். மெய்யெழுத்தின் புள்ளி சிறு குளமாகத் தேங்கி, நோட்டை மூடியவுடன் எதிர்ப்பக்கத்திலும் பதியும். அதற்காக மிக மெல்லிய நிப்பை வாங்கினால், சொரசொரப்பான தாளில் அது நாரைக் கிளறிக்கொண்டு கீச்சிடும். என் கணிப்பில், சிறிய எழுத்துக்கு ஜப்பானிய எஃப் நிப்பும், சற்றுப் பெரிதாக எழுதுபவருக்கு ஐரோப்பிய எஃப் நிப்பும் பொருந்தும். நுனியைப் பட்டையாக வெட்டிய ஸ்டப் நிப் பார்க்க அழகாக இருந்தாலும், எல்லாத் திசையிலும் வளைந்து திரும்பும் தமிழ் எழுத்தை வேகமாக எழுதும்போது அதன் ஓரம் தாளில் இடறும்.

தங்க நிப் என்றால் வழுக்கிக்கொண்டு எழுதும் என்பதும் தவறான எண்ணம். தாளைத் தொடுவது தங்கமன்று. நுனியில் பற்றவைத்த கடினமான உலோகக் குமிழே. அதை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததே வழவழப்பு.

தாளைப் பற்றி யோசிப்பவர் குறைவு. கரூர்ப் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்தே காகிதம் செய்கிறார்கள். ஈரோட்டுக்கு அக்கரையில் பள்ளிபாளையத்திலும் ஒரு பெரிய காகித ஆலை இருக்கிறது. இத்தனை அருகில் காகிதம் விளைந்தாலும், நோட்டு வாங்கும்போது நாம் பார்ப்பது அட்டையையும் பக்க எண்ணிக்கையையும்தான். மை பரவுவதும் பின்பக்கம் ஊறுவதும் தாளின் தடிமனை மட்டும் பொறுத்தவையல்ல. தாள் மையை உறிஞ்சாதிருக்க ஆலையில் சேர்க்கும் பசைப்பொருளையும் பொறுத்தவை. அலுவலகத்தில் தரும் தாளை மாற்ற முடியாதென்றால், மெல்லிய நிப்பையும் நிதானமாக இறங்கும் மையையும் தேர்ந்துகொள்ள வேண்டும்.

மை நிரப்பும் முறையைக் கவனிக்காமல் வாங்குவதும் பின்னால் தொல்லை தரும். பில்லரால் நேரடியாகக் குழாயில் மை ஊற்றும் பேனாக்கள், திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் எபோனைட் என்னும் கடின ரப்பரில் கடைந்து செய்யப்படுபவற்றில் பலவும் உட்பட, அதிக மை கொள்ளும். பக்கம் பக்கமாக எழுதுபவருக்கு இவையே வசதி. ஆனால் மை குறையக் குறைய உள்ளே காற்று சேர்ந்து, கைச்சூட்டில் அது விரிந்து மையைச் சொட்டாக வெளியே தள்ளும். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே மீண்டும் நிரப்பிக்கொண்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறி, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்குப் போகிறவர் சட்டைப்பையில் இருக்கும் அரைகுறைப் பேனாவும் இதே காரணத்தால் கசியலாம்: உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. நிப் மேல்நோக்கி இருக்கும்படி வைப்பது உதவும். மை அடைத்த சிறு குழலான கார்ட்ரிட்ஜைச் செருகும் பேனா வாங்குவோர், அது தன் நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜை மட்டுமே ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தாராபுரத்திலோ காங்கேயத்திலோ மைப்புட்டி கிடைக்கும் அளவுக்கு அவை எளிதாகக் கிடைக்கமாட்டா. புட்டியிலிருந்து மையை இழுத்துக்கொள்ளும் கன்வெர்ட்டரைச் சேர்த்தே வாங்கிவிடலாம்.

செய்யும் வேலைக்கே மைப்பேனா ஒத்துவராமலும் போகலாம். மஞ்சள் மண்டியிலோ பனியன் கம்பெனியிலோ நாள் முழுவதும் கார்பன் வைத்துப் பில் போடுபவர் அழுத்தி எழுதியாக வேண்டும். அந்த அழுத்தத்தில் நிப்பின் பிளவு விரிந்து கெட்டுவிடும். அவருக்கு பால்பாயிண்ட் பேனாவே தக்கது. தேர்வாணையத் தேர்வின் விடைத்தாளில் வட்டம் நிரப்பவும் கறுப்பு பால்பாயிண்ட் பேனாதான் வேண்டும்.

மையிலும் கவனம் தேவை. ஓவியத்துக்கான இந்தியன் இங்க்கையும் முத்திரை மையையும் எக்காரணத்தாலும் ஊற்றக் கூடாது. அவை உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் எடுப்பது கடினம். நீரில் கரையும் நீல மை பேனாவுக்கு இதமானது, ஆனால் பத்திரத்துக்கும் காசோலைக்கும் ஆகாது. பேனாவைக் கழுவ ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினால், காய்ந்தபின் மை இறங்கும் நுண்ணிய வழிகளில் உப்புப் படியும். சிறுவாணித் தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. சுடுநீரும் ஸ்பிரிட்டும் பேனாவின் உடலையே கெடுக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தொட வேண்டாம்.