அம்மாயி ‘அப்பறம்?’ என்று கேட்டால் அது டிபென்டன்ட் க்ளாஸ்

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். தடப்பள்ளி வாய்க்காலைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு பையன் ‘பிகாஸ் த கெனால் வாஸ் ட்ரை’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டான். எவ்வளவு பார்த்தும் அவனுக்கு அதில் தப்பு தெரியவில்லை.

தமிழில் சொல்லச் சொன்னேன். “வாய்க்கால் காஞ்சு கெடந்ததால...” என்றான். கட்டிலில் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா), “செரி சாமி, அப்பறம்?” என்றார். பாடமே அதுதான். எழுவாயும் வினையும் சேர்ந்த வாக்கியத் துண்டுதான் க்ளாஸ். அதில் இரண்டு வகை. கேட்பவர் ‘செரி’ என்று நிறுத்திக்கொண்டால் அது இன்டிபென்டன்ட் க்ளாஸ். ‘அப்பறம்?’ என்று காத்திருந்தால் டிபென்டன்ட் க்ளாஸ்.

தமிழில் யாரும் தடுமாறாதது இங்கிலீஷில் ஏன் தடுமாற வைக்கிறது? நம் மொழியில் அடையாளம் வினையின் வாலில் ஒட்டுகிறது. ‘கிடந்தது’ என்பது ‘கிடந்ததால்’, ‘கிடந்தபோது’ என்று மாறியதுமே காது பிடித்துக்கொள்கிறது. இங்கிலீஷில் ‘வாஸ்’ அப்படியே ‘வாஸ்’தான். அடையாளம் தலையில் உட்கார்ந்திருக்கிறது: பிகாஸ், வென், இஃப், ஆல்தோ, அன்லெஸ், அன்டில். வாலைக் கேட்டுப் பழகிய பிள்ளை தலையைத் தவறவிடுகிறது. இதை ஒருமுறை விளக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம்.

அப்புறம் கட்டைவிரலுக்கு வேலை கொடுங்கள். ‘பிகாஸ்’ மேல் விரலை வைத்து மறைத்தால் ‘த கெனால் வாஸ் ட்ரை’ தனியாக நிற்கும். விரலை எடுத்தால் நிற்காது. ‘ஆஃப்டர் ஸ்கூல்’ என்பதில் விரல் வைத்தால் ‘ஸ்கூல்’ மட்டும்தான் மிச்சம், வினையே இல்லை. ஆகவே அது க்ளாஸே அல்ல, வெறும் ஃப்ரேஸ் (சொற்றொடர்).

கமா விஷயம் சின்னதுதான். டிபென்டன்ட் முன்னால் வந்தால் அது முடியும் இடத்தில் கமா: ‘பிகாஸ் த கெனால் வாஸ் ட்ரை, வீ டிட் நாட் பிளான்ட் பேடி.’ பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். இரண்டு இன்டிபென்டன்ட்களை வெறும் கமாவால் மட்டும் ஒட்டக் கூடாது. முற்றுப்புள்ளி வையுங்கள், இல்லையென்றால் கமாவோடு அண்ட், பட், ஸோ ஒன்றைச் சேருங்கள். ‘ஆல்தோ’ என்று தொடங்கிவிட்டு நடுவில் ‘பட்’ போடுவதும் பிழை. இரண்டில் ஒன்று போதும்.

கஷ்டமானது ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’. இவையும் டிபென்டன்ட் க்ளாஸின் தலையில் உட்காருபவைதான். இவற்றுக்கு நிறைய நேரம் கொடுங்கள். ‘பவானியில் இருக்கிற பெண் ஜமக்காளம் நெய்கிறார்’ என்று நாம் விவரத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். இங்கிலீஷ் பின்னால் வைக்கிறது: ‘த வுமன் ஹூ லிவ்ஸ் இன் பவானி வீவ்ஸ் கார்பெட்ஸ்.’ லிவ்ஸ், வீவ்ஸ் என்று இரண்டு வினை பக்கத்தில் நின்றதும் பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். ‘ஹூ’விலிருந்து ‘பவானி’ வரை பென்சிலால் வளையம் போடச் சொல்லுங்கள். வளையத்துக்கு வெளியே இருப்பதை மட்டும் உரக்கப் படிக்கட்டும்: ‘த வுமன் வீவ்ஸ் கார்பெட்ஸ்.’ இதற்கு எங்கள் அம்மாயி ‘செரி’ என்றுதான் சொல்வார்.