டர்பனிலிருந்து சென்னைக்கு: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம்மவர்கள், பயணச்சீட்டில் உள்ள நேரங்களை மட்டும் பார்த்துக் குழம்புவதுண்டு. அறிவியல் கால்குலேட்டர் ஒன்று கையில் இருந்தால் தொலைவு, நேரம் இரண்டையும் நாமே கணக்கிட்டுவிடலாம்.

முதலில் இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டர்பனின் கிங் ஷாகா நிலையம் தெற்கு 29.61, கிழக்கு 31.12 பாகையிலும், சென்னை நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17 பாகையிலும் உள்ளன. தெற்கு அட்சரேகைக்குக் கழித்தல் குறி இடுவது கட்டாயம். அதை விட்டுவிட்டால் டர்பன் எகிப்தில், கெய்ரோவுக்குச் சற்றுத் தெற்கே போய் உட்கார்ந்துவிடும். தொலைவும் 5,360 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். விடை பார்வைக்குப் பொருத்தமாகவே தோன்றுவதால் இப்பிழை எளிதில் கண்ணில் படாது.

அடுத்து, கால்குலேட்டரைப் பாகை (DEG) முறையில் வைத்து, இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள், −0.111 கிடைக்கும். பிறகு அவற்றின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வேறுபாடான 49.05 பாகையின் கொசைனையும் ஒன்றாகப் பெருக்கினால் 0.555 வரும். இரண்டையும் கூட்டினால் 0.444. இதன் தலைகீழ்க் கொசைன் (cos⁻¹) ஏறத்தாழ 63.6 பாகை. பூமியின் பெருவட்டத்தில் (பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தில்) ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்பதால், தொலைவு சுமார் 7,075 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் இந்த எண் கிடைக்காது.

ஆனால் நேரடி விமானம் இல்லாததால், துபாய் வழியாகச் செல்வோர் ஒவ்வொரு கட்டத்தையும் தனியே கணக்கிட வேண்டும். அதே முறையில் டர்பன்–துபாய் 6,625, துபாய்–சென்னை 2,930 என, மொத்தம் 9,555 கிலோமீட்டர் வருகிறது.

பறக்கும் நேரத்திற்கு, தொலைவை விமானத்தின் வேகமான மணிக்கு 850 கிலோமீட்டரால் வகுத்து, விமானம் மேலேறவும் கீழிறங்கவும் ஆகும் நேரத்திற்காக அரை மணியைக் கூட்டுங்கள். முதல் கட்டத்திற்கு எட்டேகால் மணியும் இரண்டாவதற்கு நான்கு மணியும் ஆகும்; காற்றின் போக்கைப் பொறுத்து இது சற்று மாறும். துபாயில் நான்கு மணி நேரக் காத்திருப்பு என்று கொண்டால், மொத்தம் பதினாறேகால் மணி.

இனி உள்ளூர் நேரம். தென்னாப்பிரிக்காவைவிட இந்தியா 3 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. இரு நாடுகளிலும் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. மாலை 7 மணிக்கு டர்பனில் புறப்படும்போது சென்னையில் இரவு 10.30, அதனுடன் பதினாறேகால் மணியைக் கூட்டினால் மறுநாள் பிற்பகல் 2.45க்குச் சென்னையில் இறங்குவீர்கள். துபாய் நேரத்தை இக்கணக்கில் நுழைக்கத் தேவையே இல்லை, நுழைத்தால்தான் குழப்பம்.

திரும்பும்போது இதே வேறுபாட்டைக் கழிக்க வேண்டும். அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் புறப்படுபவர், அதே காத்திருப்புடன், அன்று மாலை 4.45க்கே டர்பனை அடைவார். சீட்டில் பன்னிரண்டே முக்கால் மணிப் பயணம்போலத் தெரிந்தாலும், விமானத்திலும் துபாயிலுமாகக் கழிவது அதே பதினாறேகால் மணிதான்.