ஊட்டி ஏரிப் படகு சட்டப்படி கப்பலா, கலமா? கண்டுபிடிப்பது எப்படி

ஊட்டி படகு இல்லத்தில் மோட்டார் போட், துடுப்புப் படகு, மிதிபடகு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கிடக்கும். இவற்றில் எது சட்டத்தின் கண்ணில் 'கப்பல்', எது 'கலம்' என்று தெரிய வேண்டுமா? படகை விட்டுவிட்டு முதலில் சட்டத்தைக் கையில் எடுங்கள். வரையறை சட்டத்துக்குச் சட்டம் மாறும். ஒன்றில் படித்ததை இன்னொன்றில் ஒட்டினால் மனு அங்கேயே வழுக்கிவிடும்.

கேள்வி எழுந்த மத்தியச் சட்டத்தில் தனி வரையறை இல்லையென்றால் மத்தியச் சட்டங்களின் சொற்களுக்குப் பொது வரையறை தரும் 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்துக்குப் போங்கள். பிரிவு 3(63)-இன்படி நீர்வழிப் பயணத்துக்குப் பயன்படும் எந்தப் படகும் கலம்தான். 'கப்பல்' என்பதற்கு 3(55) ஒரு வடிகட்டி வைக்கிறது: துடுப்பால் மட்டுமே ஓடுவது கப்பல் ஆகாது. துடுப்புப் படகு இங்கே நின்றுவிடும். மிதிபடகில் துடுப்பே கிடையாதே! எழுத்துப்படி பார்த்தால் அது வடிகட்டியைத் தாண்டிவிடும். சிரிப்பாக இருக்கும், ஆனால் வாசகம் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்து வருவதுதான் உண்மையான முடிச்சு: 'நீர்வழிப் பயணம்'. மிதப்பது மட்டும் போதாது. 1893-இல் இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில், செயற்கை ஏரியில் உல்லாசச் சவாரி விட்ட மின்சாரப் படகு பற்றி வழக்கு வந்தது. அரை மைல் நீளமுள்ள நீர்ப்பரப்பில் சுற்றிவருவதை யாரும் நீர்வழிப் பயணம் என்று சொல்ல மாட்டார்கள் என்றது நீதிமன்றம். படகு கப்பல் இல்லை என்று தீர்ந்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அச்சாகப் பொருந்துகிற வழக்கு இது. ஏறிய துறையிலேயே இறங்குகிறோம், வேறு ஊருக்குப் போகவில்லை. ஆனால் அது வெளிநாட்டுத் தீர்ப்பு: இங்கே வாதத்துக்கு வலு சேர்க்கும், கட்டுப்படுத்தாது.

இதை வைத்துக்கொண்டு பைக்காரா ஸ்பீட் போட்டுக்குப் பதிவே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் வரையறை அகலமானது. உள்நாட்டு நீரில் 'பயன்படக்கூடிய' கலத்தையும் சேர்த்துக்கொள்கிறது. உள்நாட்டு நீர் என்பதில் ஏரியும் வருகிறது. இயந்திரத்தால் ஓடும் உள்நாட்டுக் கலத்துக்குச் சர்வேயும் (கலத்தின் தகுதிப் பரிசோதனை) பதிவும் அவசியம். ஆகவே எஞ்சின் உண்டா என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏரிப் படகு விபத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் அட்மிரால்டி அதிகாரத்தை, அதாவது கப்பல், கடல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை, தேடி ஓடுவதும் வீண். 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டம் உள்நாட்டுக் கலங்களை வெளியே நிறுத்திவிட்டது.

படகுத்துறை மிதவை, மிதக்கும் கடை போன்றவற்றுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல் லோஸ்மன் வழக்கில் வைத்த கேள்வி கைகொடுக்கும்: ஆளையோ சரக்கையோ நீரில் ஏற்றிச்செல்லச் செய்த பொருளாக, பார்ப்பவருக்குத் தோன்றுமா? அந்த வழக்கில் இருந்தது 60 அடிக்கு 12 அடி மிதக்கும் வீடு. சுக்கான் இல்லை, சொந்தமாக ஓடும் வசதியும் இல்லை. கலம் இல்லை என்றார்கள்.

உடைந்த கடற்கலத்துக்கு விதி வேறு. அட்மிரால்டி சட்டத்தின்படி மூழ்கியதும் கைவிடப்பட்டதும்கூடக் கலம்தான். இனிப் பயணத்துக்கு உதவாத அளவுக்கு உடைக்கப்பட்டுவிட்டது என்று சர்வேயர் சான்று தந்தால்தான் அந்தப் பெயர் போகும்.