பைப் புகையிலையின் ஈரப்பதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைப் பிடிக்கத் தொடங்கியவர்கள் முதலில் புகையிலையைக் குறை சொல்வார்கள். அடுத்து பைப் மாற்றுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் "என் நாக்குக்கு இது ஒத்துவரவில்லை" என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஈரம் சரியாக இருந்ததா என்று கேட்டால் மட்டும் பதில் வராது. டின்னைத் திறந்து போட்டால் காயும், தண்ணீர் பட்டால் கெடும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிச் சட்டென்று கண்ணில் படாத தவறுகள்தான் இங்கே.

திறந்த கையோடு பற்றவைப்பது

டின்னில் வரும் புகையிலை பிடிப்பதற்கான பதத்தில் இருப்பதில்லை. இலை நொறுங்காமல் இருக்கவும், ஆண்டுக்கணக்கில் டின்னுக்குள் முதிரவும் ஈரத்தைச் சற்றுத் தூக்கலாகவே வைத்து அடைக்கிறார்கள். பல டின்களில் எடையில் 18 முதல் 20 சதவீதம் தண்ணீர். நன்றாக எரிந்து சுவை தருவதற்கு 12 முதல் 15 சதவீதம் போதும்.

கணக்குப் போட்டால் புரியும். 50 கிராம் டின்னில் 20 சதவீதம் ஈரம் என்றால் 10 கிராம் தண்ணீர். அதை 13 சதவீதத்துக்குக் கொண்டுவர 4 கிராம் ஆவியாக வேண்டும். புகையிலையின் எடை 46 கிராமுக்கு இறங்க வேண்டும். அந்தத் தண்ணீரை மேசைமேல் ஆவியாக விடாவிட்டால் அது பைப்புக்குள் ஆவியாகும். நெருப்பு அணைந்து அணைந்து போகும். அணையாமல் இருக்க வேகமாக இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கொதிநீராவி நாக்கில் இறங்கும். நாக்கு எரிகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் புகையால் அல்ல, இந்த ஆவியால் சுட்டுக்கொண்டவர்கள்.

இங்கிலாந்தின் கெண்டல் நகரத்து சாமுவேல் காவித் நிறுவனத்தின் ஃப்ளேக்குகளை (அழுத்திச் சீவிய புகையிலைத் தகடுகளை) எடுத்துக்கொள்ளுங்கள், ஈரத்துக்குப் பேர்போனவை. ஒரு பைப்புக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, விரல்களுக்கிடையே தேய்த்து உதிர்த்து, வெள்ளைத்தாளில் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். அரை மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஃப்ளேக்கை உதிர்க்காமல் முழுசாகக் காயவைத்தால் மேலே சருகு, உள்ளே ஈரம். ரிப்பன் கட் (மெல்லிய நாடாவாக வெட்டியது) என்றால் பெரும்பாலும் அரை மணி நேரமே போதும்.

அரோமேட்டிக்கை (வாசனையூட்டிய புகையிலையை) விரலால் சோதிப்பது

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகையை அழுத்தி விடுங்கள். அழுத்திய உருவிலேயே ஒட்டி நின்றால் ஈரம் அதிகம். மெதுவாக விரிந்து பிரிந்தால் சரி. சடசடத்துத் தூளானால் காய்ந்துவிட்டது. வர்ஜீனியா வகை இலைக்கும், புகையூட்டிய லட்டாக்கியா இலை சேர்ந்த கலவைகளுக்கும் இது நன்றாகவே பொருந்தும்.

வாசனையூட்டிய கேவண்டிஷ் (அழுத்திப் பதப்படுத்திய இலை) வகைகளில் இந்தச் சோதனை ஏமாற்றும். அவற்றில் ஈரம் போகாமல் பிடித்துவைக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு காயவைத்தாலும் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். "இன்னும் காயவில்லை" என்று நாள்முழுக்கப் பரப்பிவைத்தால் வாசனைதான் பறந்துபோகும். ஒரு மணி நேரம் வைத்து, இயல்பைவிடத் தளர்வாக நிரப்பிப் பாருங்கள்.

வெயில், மைக்ரோவேவ், ஹேர் டிரையர்

வேண்டாம்.

ஆப்பிள் துண்டு போடுவது

இந்த யோசனையை யார் யாருக்கோ சொல்லிச் சொல்லி இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். புகையிலை காய்ந்துவிட்டதா, ஒரு துண்டு ஆப்பிளையோ உருளைக்கிழங்கையோ உள்ளே போட்டு மூடு என்பார்கள். சுங்க வரியெல்லாம் கட்டி வரவழைத்த வர்ஜீனியாவின்மேல் ஒரு ஆப்பிள் துண்டை வைத்து மூடிவிட்டு ஊருக்குப் போவார்கள். நான்கு நாள் கழித்துத் திறந்தால் துண்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அப்புறம் "மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா?" என்று கேட்பார்கள். போதாது. கண்ணுக்குத் தெரிவது மேற்பகுதி மட்டும். அதன் இழைகள் அதற்குள் இலைகளுக்கிடையே ஓடியிருக்கும். மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டியதுதான்.

ஏன் இப்படி ஆகிறது? 8 சதவீதத்துக்குக் காய்ந்துபோன 50 கிராம் புகையிலையை 13 சதவீதத்துக்குக் கொண்டுவர 3 மில்லி தண்ணீர்கூடத் தேவையில்லை. அரை டீஸ்பூனைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். 20 கிராம் ஆப்பிள் துண்டில் ஏறக்குறைய 17 கிராம் தண்ணீர் இருக்கிறது. மூடிய ஜாடிக்குள் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்கு வழி திறந்துவிடும். பழத்துண்டு அதை 100-ஐ ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தும். போதாக்குறைக்குச் சாற்றிலுள்ள சர்க்கரை தீனியாகிறது. தோலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் வித்துகளையும் நாமே உள்ளே விடுகிறோம். ரொட்டித்துண்டு போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

செய்ய வேண்டியது சுலபம். அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் புகையிலையைத் தளர்வாகப் போடுங்கள். சுத்தமான பருத்தித் துணியை வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, கிண்ணத்தின் வாயில் விறைப்பாகக் கட்டுங்கள். துணி இலையைத் தொடக்கூடாது. மணிக்கொருமுறை கிளறி, விரலால் பதம் பாருங்கள். சமையலறை மின்தராசு இருந்தால் இன்னும் நல்லது: தொடங்கும்போது எடை போட்டுக்கொண்டு, 50 கிராமுக்கு இரண்டரை கிராம் கூடியதும் நிறுத்துங்கள். பிறகு ஜாடியில் அடைத்து ஒரு நாள் விட்டால் ஈரம் எல்லா இழைகளுக்கும் சமமாகப் பரவும். பொறுமை உள்ளவர்கள் ஜாடிக் காற்றின் ஈரப்பதத்தை 62 அல்லது 65 சதவீதத்தில் நிறுத்தும் போவேடா பையைப் போட்டு ஒரு வாரம் விடலாம். அது அந்த அளவைத் தாண்ட விடாது. ஆனால் ஒன்று, காய்ந்தபோது தண்ணீரோடு பறந்துவிட்ட நறுமணம் திரும்பாது. இலை பதமாகும், பழைய சுவை முழுதாக வராது.

பழைய வர்ஜீனியாவில் வெள்ளையாக எதைக் கண்டாலும் பூஞ்சணம் என்று தூக்கியெறிகிறவர்களும் உண்டு. முதிர்ந்த இலையில் படிகங்கள் படிவது இயல்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மினுக்கினால் படிகம். பஞ்சுபோல எழும்பி, பாசி பிடித்த சுவரின் வாடை அடித்தால் பூஞ்சணம்.

மழைக்காலத்தில் ஜன்னலோரம் காயவைப்பது

காயாது. சென்னையின் நவம்பர் மாதக் காற்றில் பரப்பிவைத்த இலை ஈரத்தை இழப்பதற்குப் பதில் இழுத்துக்கொள்ளும். ஏசி ஓடும் அறையில் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏசிக் காற்று சட்டென்று காயவைத்துவிடும்.

எல்லாப் பதத்துக்கும் ஒரே மாதிரி நிரப்புவது

ஈரமான புகையிலை பற்றவைத்ததும் உப்பும். இறுக்கி அடைத்தால் காற்றே போகாது. உலர்ந்ததைத் தளர்வாக நிரப்பினால் பரபரவென்று எரிந்து பைப் சுடும். ஆக, ஈரத்துக்குத் தளர்வு, உலர்ந்ததற்கு இறுக்கம். ஒருமுறை லேசாகக் கருக்கி, டேம்பரால் (பைப்பில் புகையிலையை அமுக்கும் சிறு கருவி) மெல்ல அமுக்கி, மறுபடி பற்றவையுங்கள்.

களகளச் சத்தம் கேட்டதும் தண்டைக் கழற்றுவது

சூட்டோடு கழற்றினால் மூட்டு உடையலாம். தண்டு வழியாகவே பைப் கிளீனரை விட்டு எடுங்கள். எரியும்போதே நீராவி உண்டாவதால் பதமான புகையிலையிலும் சற்றே ஈரம் கோக்கும். ஒரு பைப்புக்கு ஓரிரு முறை கிளீனர் விடுவது சாதாரணம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விட வேண்டியிருந்தால் இலை இன்னும் காயவில்லை.

கொஞ்சம் காய்ந்ததும் பதறுவது

ஓரிரு சதவீதம் குறைந்ததற்கெல்லாம் தண்ணீரைத் தேடி ஓட வேண்டாம். ஈரம் தூக்கலாக இருப்பதைவிட லேசாக உலர்ந்திருப்பதே மேல், லட்டாக்கியா கலவைகளுக்கு முக்கியமாக. சற்று இறுக்கி நிரப்பி, மெதுவாக இழுங்கள். பதம் சரியாக இருந்தால் நாக்கு எரியாது, அவ்வளவே. அதனால் புகையிலை உடம்புக்குச் செய்யும் கேடு ஒரு துளியும் குறையாது.